முதல் வேப் வாங்கப் போறீங்களா, காயில் மேல இருக்கற அந்த ஓம் நம்பரை முதல்ல புரிஞ்சுக்கலாம்

2025 ஜூன் 1-ம் தேதியோட பிரிட்டன்ல யூஸ் அண்ட் த்ரோ வேப், அதாவது இ-சிகரெட், விக்கறது தடை ஆயிடுச்சு. அதுக்கு அடுத்த வாரம் என் மனைவியோட தம்பி லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு வேப் கடைக்குள்ள நின்னுகிட்டு எனக்கு போன் பண்றான், "மாமா, இங்க காயில் 0.4 வேணுமா 0.8 வேணுமா 1.2 வேணுமான்னு கேக்கறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, சின்ன நம்பர்னா லைட்டா இருக்கும்ல, அதையே எடுத்துக்கட்டுமா?" அப்டின்னு. அவன் நெனச்சது அப்படியே தலைகீழ். சின்ன நம்பர்தான் அதுல பெரிய காட்டு காட்டும். எதையும் வாங்காம முதல்ல வெளிய வா மாப்ளன்னு சொல்லிட்டு அரை மணி நேரம் போன்லயே அவனுக்கு சொன்ன விஷயத்தைத்தான் இங்க இன்னும் கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா அவன் கேட்ட அதே கேள்வியை அதுக்கப்புறம் இன்னும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க.

ஒண்ணு மட்டும் ஆரம்பத்துலயே சொல்லிடறேன். இது ஏற்கனவே சிகரெட் பிடிக்கற, அதை விடணும்னு நெனைக்கற பெரியவங்களுக்காக எழுதறது. சிகரெட்டே தொடாதவங்க வேப்பையும் தொடவே வேண்டாம், நிக்கோட்டின் பழக்கம் ஒட்டிக்கிட்டா பிரிக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு நல்லா தெரியும். இங்க 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு விக்கறதே குற்றம். இங்க அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்றதும் இதான், சிகரெட்டை விட வேப்ல கெடுதல் ரொம்ப கம்மி, ஆனா கெடுதலே இல்லாதது கிடையாது, புகைக்காதவங்க ஆரம்பிக்கக் கூடாது.

ஏன் இந்த ஓம் நம்பருக்கு இவ்ளோ மெனக்கெடறேன்னா, நானே அதுல அடிபட்டவன். 2016-ல நான் ஒரு நாளைக்கு 15 சிகரெட். விடணும்னு முடிவு பண்ணி ஒரு கடைக்கு போனேன், அங்க இருந்தவர் இதான் இப்ப நல்லா போகுதுன்னு ஒரு பெரிய பெட்டி மாதிரி மாடும் (mod, பேட்டரி இருக்கற பகுதி), மேல 0.2 ஓம் காயில் போட்ட, லிக்விட் ஊத்தற குண்டு டேங்க்கும் எடுத்து குடுத்துட்டார், கூடவே 18 மில்லிகிராம் நிக்கோட்டின் லிக்விட், ஏன்னா நான் 15 சிகரெட்னு சொன்னேன் இல்லையா. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு இழுப்பு. தொண்டையில முள்ளை வெச்சு தேச்ச மாதிரி, அஞ்சு நிமிஷம் இருமல், தலை சுத்தல், வாந்தி வர்ற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு நாள்ல அதை டிராயருக்குள்ள போட்டுட்டு திரும்ப சிகரெட்டுக்கே போயிட்டேன், எட்டு மாசம் வீணா போச்சு. அந்த மாடும் கெட்டதில்ல, அந்த லிக்விடும் கெட்டதில்ல. ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடாத ரெண்டை சேத்து குடுத்துட்டாங்க, அவ்ளோதான். சிகரெட்டை விட மனசு இருந்தும் தப்பான காயிலால திரும்ப அங்கயே போறவங்கள பாத்தா எனக்கு நெஜமாவே மனசு ஆற மாட்டேங்குது.

சரி, காயில்னா என்ன. பெருசா ஒண்ணும் இல்ல, மெல்லிசா ஒரு கம்பி, பெரும்பாலும் காந்தல்னு ஒரு இரும்பு குரோமியம் அலுமினியம் கலவை, இல்லன்னா நைக்ரோம், இல்லன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதை சுருளா சுத்தி வெச்சு அதை ஒட்டி பஞ்சு வெச்சிருப்பாங்க. பஞ்சு லிக்விடை உறிஞ்சி கம்பிகிட்ட கொண்டு வரும், பேட்டரியில இருந்து கரண்ட் போனா கம்பி சூடாகும், லிக்விட் ஆவியாகும், அதை நாம இழுக்கறோம். நம்ம வீட்டு அகல் விளக்கை நெனச்சுக்கோங்க. எண்ணெய், திரி, சுடர். திரி எண்ணெயை ஏத்தற வேகத்துக்கு ஏத்த மாதிரி சுடர் இருந்தா விளக்கு அழகா எரியும், எண்ணெய் வத்திப்போயும் சுடர் நின்னா திரியே கருகிடும். வேப்ல வர்ற முக்கால்வாசி தொல்லை இந்த திரி கருகற தொல்லைதான், இந்த விளக்கு கணக்கை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கட்டுரை முழுக்க இதுக்குத்தான் திரும்ப திரும்ப வருவேன்.

இப்ப ஓம். காயில் பக்கத்துல குதிரை லாடம் மாதிரி ஒரு குறி போட்டு அதுக்கு முன்னாடி ஒரு நம்பர் எழுதியிருப்பாங்களே, அதான் ஓம், கரண்ட் போறதுக்கு அந்த கம்பி எவ்ளோ தடை போடுதுங்கற கணக்கு. தடை அதிகம்னா கரண்ட் கம்மியா போகும், தடை கம்மின்னா கரண்ட் பிச்சுக்கிட்டு போகும். பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ்ல படிச்ச அதே ஓம் விதிதான், அப்ப மார்க்குக்காக படிச்சது, இப்ப நெஜமாவே தேவைப்படுது. நம்ம மனசு தடை அதிகம்னா அது உரசி அதிகமா சூடாகும்னு நெனைக்கும், அங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க. வீட்டுல இருக்கற கெட்டிலை பாருங்க, 230 வோல்ட்டுல 3000 வாட் இழுக்கற கெட்டிலோட தடை வெறும் 17, 18 ஓம் கிட்டதான் வரும், அதே 230 வோல்ட்டுல எரியற பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 880 ஓம். எது தண்ணியை ரெண்டு நிமிஷத்துல கொதிக்க வைக்குது? தடை கம்மியா இருக்கறதுதான். வோல்ட் ஒண்ணா இருந்தா ஓம் குறைய குறைய பவர் ஏறும், இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா போதும்.

அதையே வேப் பேட்டரிக்கு போடுவோம். ஃபுல்லா சார்ஜ் ஏறின லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட், போகப்போக 3.7-க்கு இறங்கி கடைசில 3.2, 3.3 கிட்ட வந்து நிக்கும். 1.2 ஓம் காயிலை 4.2 வோல்ட்டுல நேரா மாட்டினா 3.5 ஆம்ப் கரண்ட், பவர் 14.7 வாட். 1 ஓம்னா 4.2 ஆம்ப், 17.6 வாட். 0.5 ஓம்னா 8.4 ஆம்ப், 35 வாட் தாண்டிடும். எனக்கு அன்னைக்கு குடுத்த அந்த 0.2 ஓம் காயில்னா 21 ஆம்ப், 88 வாட். 1.2-க்கும் 0.2-க்கும் நடுவுல வெறும் ஒரு ஓம்தானே வித்தியாசம்னு தோணும், ஆனா பவர்ல ஆறு மடங்கு. அதனாலதான் 1 ஓமுக்கு கீழ போறதுக்கு சப் ஓம்னு தனியா பேரே வெச்சிருக்காங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. பென் மாதிரி ஒல்லியா இருக்கற சாதா கருவிங்க நிறையதுல பேட்டரி வோல்ட் அப்படியே காயிலுக்கு போகும், அங்க மேல சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும், பேட்டரி இறங்க இறங்க ஆவியும் குறையும். ஆனா வாட் ஏத்தி இறக்கற பட்டன் இருக்கற கருவில உள்ள ஒரு சிப் இருக்கும், நீங்க 14 வாட்னு வெச்சா காயில் எந்த ஓமா இருந்தாலும் அதுக்கு ஏத்த மாதிரி வோல்ட்டை கூட்டி குறைச்சு 14 வாட்டையே குடுக்கும். அப்ப ஓம் நம்பர் எதுக்குன்னு கேப்பீங்க. அங்க ஓம் நம்பர் ஒரு அடையாளம். 1.2 ஓம் காயில்னா சின்ன கம்பி, கொஞ்சமா பஞ்சு, லிக்விட் உள்ள வர சின்ன ஓட்டை, மெதுவா இழுக்கறதுக்குன்னு செஞ்சது. 0.2 ஓம்னா தடி கம்பி இல்லன்னா மெஷ், அதாவது ஓட்டை ஓட்டையா இருக்கற வலை மாதிரி தகடு, நிறைய பஞ்சு, பெரிய ஓட்டை. 1.2-ஐ எடுத்து 40 வாட்டுல வெச்சீங்கன்னா சின்ன அகலுக்கு மேல பந்தத்தை பிடிச்ச மாதிரி, ஒரே இழுப்புல பஞ்சு கருகிடும். 0.2-ஐ 12 வாட்டுல வெச்சா கம்பி சூடே ஏறாது, ஆவி வராது, லிக்விட் மட்டும் ஊறி ஊறி உள்ள நிறைஞ்சு வாய்க்கு வரும். அதனால காயில் மேல ஓம் நம்பர் பக்கத்துலயே இத்தனை வாட்ல இருந்து இத்தனை வாட் வரைக்கும்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதை பாக்காம எதையும் வைக்காதீங்க. புது காயில் போட்டா அந்த வரம்புல கீழ் நம்பர்ல ஆரம்பிச்சு ஒரு ஒரு வாட்டா ஏத்தி ருசி நல்லா இருக்கற இடத்துல நிறுத்திக்கோங்க. ஒரே ஓம் இருக்கற ரெண்டு கம்பெனி காயிலுக்கு வாட் வரம்பு வேற வேறயா இருக்கலாம், ஒண்ணு கம்பி ஒண்ணு மெஷ்னா கண்டிப்பா வேறயாத்தான் இருக்கும்.

ஓம் புரிஞ்சுடுச்சு. எனக்கு எந்த ஓம்? அதுக்கு பதில் காயில்ல இல்ல, நீங்க தம் அடிக்கற விதத்துல இருக்கு. சிகரெட்டை எப்படி இழுக்கறீங்கன்னு ஒரு தடவை கவனிங்க. முதல்ல கன்னத்தை உள்ள இழுத்து வாய்க்குள்ள புகையை வாங்குவீங்க, ஒரு நொடி கழிச்சு காத்தோட சேத்து நெஞ்சுக்குள்ள இழுப்பீங்க. கிட்டத்தட்ட எல்லா சிகரெட்காரங்களும் இப்படித்தான், வேப் பாஷையில இதுக்கு எம்டிஎல்னு பேர், வாய்க்கு வந்து அப்புறம் நுரையீரலுக்கு போறது. இன்னொண்ணு டிடிஎல், வாயில நிறுத்தாம மூச்சு இழுக்கற மாதிரி நேரா நெஞ்சுக்குள்ள, ஹூக்கா இழுக்கற மாதிரி. நடுவுல ஆர்டிஎல்னு ஒண்ணும் இருக்கு, நேராத்தான் இழுக்கணும் ஆனா காத்து கொஞ்சம் இறுக்கமா வரும்.

சிகரெட்ல இருந்து வர்றவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்றது எம்டிஎல்தான், அதாவது 1 ஓமும் அதுக்கு மேலயும், பாட் கருவில (பேட்டரில சின்ன டப்பாவை சொருகற ரகம்) 0.8 வரைக்கும் இறங்கலாம். உடம்புக்கு இத்தனை வருஷமா பழகின அசைவு அது. நிக்கோட்டின் மட்டும் பழக்கம் இல்ல, அந்த இறுக்கமான இழுப்பு, தொண்டையில படற அந்த சின்ன அடி, கைக்கும் வாய்க்கும் போற வர்ற கணக்கு எல்லாம் சேந்துதான் பழக்கம், அதுல எதையும் மாத்தாம புகையை மட்டும் மாத்தினா உடம்பு அதிகம் சண்டை போடாது. யூஸ் அண்ட் த்ரோ வேப் பழகினவங்களுக்கும் இதேதான், அதுங்களும் பெரும்பாலும் இந்த மெதுவான இழுப்புதான். என் மாப்ளைக்கு நான் சொன்னது 1.0 ஓம் பாட். 0.6-க்கு ஏன் போகக்கூடாதுன்னு கேட்டான், ஒரு மாசம் சிகரெட் இல்லாம தாண்டு, அப்புறம் நீயே போய் 0.6 வாங்கி பாரு, அதுக்கு முன்னாடி வேண்டாம்னுட்டேன்.

பெரிய மேகம் விடறவங்களை யூட்யூப்ல பாத்துட்டு சப் ஓமுக்கு ஆசைப்படறவங்க நிறைய. தப்பு சொல்ல மாட்டேன், பழகினவங்களுக்கு அது நல்லா இருக்கும், ருசி அடர்த்தியா வரும். ஆனா அதுக்கு லிக்விட் தண்ணி மாதிரி போகும், எனக்கு எம்டிஎல்ல நாளைக்கு 2, 3 மில்லி போதும், சப் ஓம் வெச்சிருந்த ஒரு ஆறு மாசத்துல 8, 9 மில்லி காலி ஆச்சு. இங்க சட்டப்படி டேங்க் 2 மில்லிக்கு மேல இருக்கக் கூடாதுங்கறதால ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை ரொப்பிக்கிட்டே இருக்கணும், வேலைக்கு போற இடத்துல பாட்டிலை தூக்கிட்டு அலையணும். காயிலும் சீக்கிரம் போகும், பேட்டரியும் மத்தியானத்துக்குள்ள படுத்துடும்.

லிக்விடுக்கு வருவோம், ஏன்னா காயில் சரியா எடுத்துட்டு லிக்விட்ல கோட்டை விடறவங்கதான் அதிகம். பாட்டில் மேல 50/50, 70/30ன்னு போட்டிருக்கறது விஜி, பிஜி கணக்கு. விஜின்னா வெஜிடபிள் கிளிசரின், கெட்டியா இருக்கும், ஆவி நிறைய குடுக்கும். பிஜின்னா புரொப்பிலீன் கிளைக்கால், தண்ணியா இருக்கும், தொண்டையில அடி குடுக்கும், ஃப்ளேவரை நல்லா தூக்கி காட்டும். பிஜி 188 டிகிரில கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரி வரைக்கும் போகணும், அதனாலயே விஜி அதிகமா இருக்கற லிக்விடுக்கு சூடும் அதிகம் வேணும். திரும்ப நம்ம விளக்குக்கே வாங்க, விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஒரே மாதிரி திரியில ஏறுமா? 1.2 ஓம் காயிலோட சின்ன ஓட்டை வழியா 70 சதவீதம் விஜி இருக்கற கெட்டி லிக்விட் சரியா ஏறாது, பஞ்சு காஞ்சு போய் கருகின வாசனை அடிக்கும், கடைக்காரர் மட்டமான காயில் குடுத்துட்டார்னு அவர் மேல கோவம் வரும். சப் ஓம் காயில்ல 50/50 ஊத்தினா நேர் எதிர், பெரிய ஓட்டை வழியா கொளகொளன்னு ஊறி கீழ காத்து ஓட்டை வழியா ஒழுகும், பேன்ட் பாக்கெட் நனையும். ஆக 0.8-ல இருந்து மேல போற காயிலுக்கு 50/50, அதுக்கு கீழ போற சப் ஓமுக்கு 70 விஜி, இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல.

நிக்கோட்டின் அளவுதான் என்னை கவுத்த விஷயம், அதனால இதை கொஞ்சம் நிதானமா சொல்றேன். பாட்டில் மேல 3, 6, 12, 18, 20ன்னு போட்டிருக்கறது ஒரு மில்லி லிக்விட்ல எத்தனை மில்லிகிராம் நிக்கோட்டின்ங்கறது. பிரிட்டன்ல 20-க்கு மேல விக்க முடியாது, நிக்கோட்டின் இருந்தா பாட்டிலும் 10 மில்லிக்கு மேல கிடையாது, 2016-ல வந்த சட்டம் அது, டேங்க்குக்கு 2 மில்லின்னு சொன்னேனே அதுவும் அதே சட்டம்தான். இப்ப யோசிங்க, 1.2 ஓம் காயில்ல ஒரு இழுப்புக்கு கொஞ்சூண்டு லிக்விட்தான் ஆவியாகுது, அதுல 18, 20 இருந்தா கூட சிகரெட் அளவுக்குத்தான் இருக்கும். 0.2 ஓம் காயில்ல ஒரே இழுப்புல பல மடங்கு லிக்விட் ஆவியாகி நேரா நெஞ்சுக்குள்ள போகுது, அதுல 18-ஐ ஊத்தினா உடம்பு தாங்குமா? சப் ஓம்காரங்க 3 வெச்சுத்தான் ஓட்டுவாங்க, மிஞ்சிப்போனா 6. இங்க ஷார்ட்ஃபில்னு பெரிய பாட்டில் விக்கறாங்களே, 60 மில்லி பாட்டில்ல 50 மில்லி நிக்கோட்டின் இல்லாத லிக்விட், மீதி இடத்துல மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கற 10 மில்லி நிக் ஷாட் பாட்டில் ஒண்ணை ஊத்தி குலுக்கினா மில்லிக்கு 3 மில்லிகிராம் வரும், அது சப் ஓம்காரங்களுக்குன்னு வந்த ஏற்பாடு. புதுசா வர்ற சிகரெட்காரர் விலை கம்மியா இருக்கேன்னு அதை வாங்கி 1.2 ஓம் பாட்ல ஊத்தினார்னா நிக்கோட்டினும் பத்தாது, லிக்விடும் ஏறாது, சாயங்காலம் சிகரெட் கடையில நிப்பார்.

எனக்கு எவ்ளோ வேணும்னு கண்டுபிடிக்க, காலையில எழுந்து எவ்ளோ நேரத்துல முதல் சிகரெட் பத்த வைக்கறீங்கன்னு பாருங்க. எழுந்த அரை மணி நேரத்துக்குள்ளன்னா உங்களுக்கு நிக்கோட்டின் நல்லா பிடிச்சிருக்குன்னு அர்த்தம், 18, 20ல தயங்காம ஆரம்பிங்க. நாளைக்கு மூணு நாலு, அதுவும் டீ குடிக்கறப்ப மட்டும்னா 10, 12 போதும். வீம்புக்கு கம்மியா வாங்கிட்டு மாத்தி மாத்தி சிகரெட்டும் பிடிக்கறது இருக்கே, அதான் எல்லாத்தையும் விட மோசம், வேப்பையும் இழுத்துக்கிட்டு சிகரெட்டும் பிடிச்சா கெடுதல்ல பெருசா எதுவும் குறையறதில்ல. முழுசா மாறணும், அப்புறம் மெதுவா நிக்கோட்டினை இறக்கிக்கலாம், நான் 18-ல இருந்து 12, 6, 3ன்னு ஒன்றரை வருஷம் எடுத்துக்கிட்டேன். நிக் சால்ட்னு, அதாவது நிக்கோட்டினை உப்பு வடிவத்துல, போட்டிருந்தா அது தொண்டையை அவ்ளோ அறுக்காது, 20 கூட வழுவழுன்னு இறங்கும், சாதா நிக்கோட்டின் 18 நல்லா உறைக்கும், அந்த உறைப்பு வேணும்னு சொல்ற பழைய சிகரெட்காரங்களும் இருக்காங்க. எதுவா இருந்தாலும் பாட்டிலை குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க, குடிச்சா நிக்கோட்டின் விஷம், மேல சிந்தினா உடனே சோப்பு போட்டு கழுவிடுங்க.

டேங்க் எப்படி எடுக்கறது? முதல்ல டேங்க் வேணுமா பாட் வேணுமாங்கறதுதான் கேள்வி. பாட்னா பேட்டரில சொருகற சின்ன பிளாஸ்டிக் டப்பா, சிலதுல காயில் உள்ளயே ஒட்டியிருக்கும், தீந்தா பாட்டோட தூக்கி போடணும், சிலதுல காயிலை மட்டும் கழட்டி மாத்தலாம். யூவெல் கேலிபர்ன், வேப்பரெஸ்ஸோ எக்ஸ்ராஸ் இதெல்லாம் பாட் ரகம், எக்ஸ்ராஸ் பாட்லயே 0.6, 0.8, 1.0, 1.2ன்னு ஓம் பிரிச்சு கிடைக்கும். டேங்க்னா கண்ணாடி உருளை, உள்ள காயிலை திருகி மாட்டி, டேங்க்கை மாடு மேல திருகணும். அந்த திருகுக்கு 510ன்னு பேர், பழைய ஜாய்டெக் 510ங்கற மாடல்ல இருந்து வந்து ஒட்டிக்கிட்ட பேர், இன்னைக்கும் கிட்டத்தட்ட எந்த டேங்க்கும் எந்த மாடுலயும் உக்காரும்னா அது இந்த 510 புண்ணியம். தெனமும் வேலைக்கு போய் வர்ற ஒருத்தருக்கு முதல் கருவின்னா பாட்தான் நல்லதுன்னு நான் சொல்வேன், இறுக்கமா மூடியிருக்கும், பட்டன் கூட இல்லாம இழுத்தாலே வேலை செய்யும். ருசி இன்னும் நல்லா வேணும், கையில கொஞ்சம் கனமா இருந்தா பரவாயில்லன்னா டேங்க்.

டேங்க்ல நான் முதல்ல பாக்கறது காத்து ஓட்டை, ஏர்ஃப்ளோ. எம்டிஎல் டேங்க்ல வரிசையா பொடிப்பொடி ஓட்டை இருக்கும், வளையத்தை திருப்பி ஒண்ணே ஒண்ணு திறந்து வெச்சா சிகரெட் மாதிரியே இறுக்கமா இழுக்கும். சப் ஓம் டேங்க்ல நீட்டமா பெரிய பிளவா இருக்கும், அதை முக்கால்வாசி மூடி வெச்சு எம்டிஎல் மாதிரி ஆக்கிக்கலாம்னு சிலர் சொல்வாங்க, ஆகாது, உள்ள காயில் அவ்ளோ காத்து ஓடறதுக்காக செஞ்சது, காத்தை அடைச்சா ஆவி கொதிக்க கொதிக்க வரும். வாய் வெக்கற இடமும் அப்படித்தான், எம்டிஎல்க்கு ஒல்லியா நீளமா, சப் ஓமுக்கு குட்டையா அகலமா. கடையில டேங்க்கை கையில வாங்கி லிக்விட் இல்லாம சும்மா ஒரு இழுப்பு காத்து இழுத்து பாக்கலாம், உங்க சிகரெட் எவ்ளோ இறுக்கமோ அதுக்கு பக்கத்துல இருக்கான்னு உதடே சொல்லிடும்.

அடுத்து லிக்விட் ஊத்தற இடம். மேல மூடியை திறந்து ஊத்தற மாதிரி இருந்தா வசதி, கீழ கழட்டி தலைகீழா பிடிச்சு ஊத்தற பழைய ரகத்துல கொஞ்சம் கவனம் தப்பினா நடு குழாய்க்குள்ள ஊத்திடுவோம். என்னை சிகரெட்ல இருந்து மீட்டது ஆஸ்பயர் நாட்டிலஸ் மினின்னு ஒரு 2 மில்லி டேங்க், 1.8 ஓம் காயில், கீழ இருந்து ஊத்தற அதே பழைய ரகம்தான், ஆனா அந்த இழுப்பு அப்படியே சிகரெட் இழுப்பு, முதல் நாளே தெரிஞ்சுடுச்சு இது வேலைக்கு ஆகும்னு. இன்னோகின் ஜெனித்தும் இதே எம்டிஎல் வழியில வந்ததுதான், மேல ஊத்தற வசதியோட, 0.8, 1.6ன்னு காயில் கிடைக்கும். எந்த டேங்க் வாங்கினாலும் அதுக்கான காயில் உங்க பக்கத்து கடையில தொங்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. அழகா இருக்கேன்னு ஊர் பேர் தெரியாத டேங்க் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காயில் கருகி, மாத்து காயில் எங்கயும் கிடைக்காம திண்டாடறப்ப பக்கத்து கடையில சிகரெட் தயாரா இருக்கும். வாங்கற அன்னைக்கே ஒரு பாக்கெட் மாத்து காயிலும் சேத்து வாங்கிடுங்க.

பேட்டரி பத்தி ரொம்ப நீட்டல. உள்ளயே பேட்டரி இருக்கற கருவியை முதல்ல வாங்குங்க. கழட்டி மாட்டற 18650 பேட்டரி ரகம், அதாவது 18 மில்லிமீட்டர் தடிமன் 65 மில்லிமீட்டர் நீளம், அதை தனியா பாக்கெட்ல சாவி, சில்லறையோட போட்டா ஷார்ட் ஆகி தீயே பிடிக்கும், அதுக்குன்னு பிளாஸ்டிக் டப்பா இருக்கு, அதுலதான் வைக்கணும். சிப்பே இல்லாத மெக்கானிக்கல் மாடு பக்கம் புதுசா வர்றவங்க தலை வெச்சும் படுக்காதீங்க, அங்க ஓம் கணக்கு தப்பினா 21 ஆம்ப், 28 ஆம்ப்னு பேட்டரி தாங்காத கரண்ட் ஓடும், தடுத்து நிறுத்த உள்ள எதுவும் கிடையாது.

புது காயில் போட்டதும் செய்யவேண்டிய ஒண்ணே ஒண்ணு, அதை அவசரத்துல எல்லாரும் விட்டுடறாங்க. காயில் பக்கவாட்டு ஓட்டையில வெள்ளையா பஞ்சு தெரியும், அதுல ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சொட்டு, நடு குழாய்க்குள்ள ரெண்டு சொட்டு லிக்விட் விட்டு, டேங்க்கை ரொப்பிட்டு பத்து நிமிஷம் அப்படியே வைங்க. பாட்ல சொட்டு விட வழி இருக்காது, ரொப்பிட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டா போதும். புதுத் திரியை எண்ணெயில நனைக்காம யாராவது பத்த வைப்பாங்களா? காஞ்ச பஞ்சுல ஒரு தடவை பத்திக்கிட்டா அந்த கருகின ருசி அந்த காயில் சாகற வரைக்கும் போகாது, கழுவினாலும் போகாது, பத்து நிமிஷ அவசரத்துக்கு ஒரு காயில் தண்டம்.

நல்லா வெச்சுக்கிட்டா ஒரு காயில் ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் வரும். ரொம்ப தித்திப்பா இருக்கற லிக்விட், டோனட், கஸ்டர்ட், மிட்டாய் ரகமெல்லாம் பெரும்பாலும் சுக்ரலோஸ்ங்கற செயற்கை இனிப்பு போட்டது, கம்பி மேல பாகு காஞ்ச மாதிரி கருப்பா படிஞ்சு நாலு நாள்ல காயிலை முடிச்சுடும். லிக்விட் நிறம் கருத்து ருசி மங்கினா காயில் மாத்தற நேரம் வந்துடுச்சு. இழுக்கறப்ப களகளன்னு சத்தம் வந்து வாயில சூடா துளி தெறிச்சா காயில் லிக்விட்ல முங்கியிருக்கு, டேங்க்கை கழட்டி டிஷ்யூ பேப்பர் சுத்தி நல்லா ஊதி எடுத்துடுங்க, வாட் ரொம்ப கம்மியா இருக்கான்னும் பாருங்க. தொண்டை காஞ்சு எரிஞ்சா வாட் அதிகம், இல்ல லிக்விட் கெட்டி, இல்ல விடாம தொடர்ந்து இழுக்கறீங்க, பஞ்சுக்கு ஊற நேரம் குடுங்க. தலை லேசா கிறுகிறுத்தா உடனே கீழ வெச்சுடுங்க, நிக்கோட்டின் அதிகம் ஆயிடுச்சு, தண்ணி குடிங்க, அடுத்த பாட்டில் ஒரு படி கீழ வாங்குங்க.

மாப்ள அன்னைக்கு சாயங்காலம் திரும்ப கடைக்குள்ள போய் 1.0 ஓம் பாட், 20 மில்லிகிராம் நிக் சால்ட், 50/50ன்னு தெளிவா கேட்டு வாங்கிட்டு வந்தான். மூணாவது நாள் போன் பண்ணி, "மாமா, ஆவி கம்மியா வருது, ஆனா தம் ஞாபகமே வரல" அப்டின்னான், அதைக் கேட்டு எனக்கு அவ்ளோ சந்தோஷம். அவன்கிட்ட கடைசியா சொன்னது ஊருக்கு போறது பத்தி. டிசம்பர்ல சென்னைக்கு டிக்கெட் போட்டிருந்தான். இந்தியாவுல 2019-ல இருந்து இ-சிகரெட் முழுசா தடை, விக்கறது மட்டும் இல்ல, உள்ள கொண்டு வர்றதும் குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில் இல்லன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். ஒண்ணுதானே, என் சொந்த உபயோகத்துக்குத்தானேன்னு பெட்டில வெச்சுடாதீங்க. வழியில சிங்கப்பூர்ல இறங்கறவங்களுக்கும் அதேதான், அங்க 2018-ல இருந்து கையில வெச்சிருந்தாலே குற்றம். கருவி, காயில், பாட்டில் எல்லாத்தையும் லண்டன் வீட்டுலயே வெச்சுட்டு, போற நாளைக்கு கணக்கு பண்ணி நிக்கோட்டின் பேட்ச்சும் கம்மும் வாங்கிட்டு போங்க, தீந்துட்டாலும் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்லயே கிடைக்கும்.